நூலைப் பார்த்துத் துணி சொல்வது

என் அக்கா மகனுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலை. தினமும் காங்கயம் வழியாக பஸ்ஸில் போய்த் திரும்பி வெள்ளகோவில் வீட்டுக்கு வரும்போது ராத்திரி ஒன்பது ஆகிவிடும். சாப்பிட்டதும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து 'எலைட் டேஞ்சரஸ்' விளையாட ஆரம்பிப்பான். ஒரு விண்கலம், அவன் மட்டும், எதிரே மொத்தப் பால்வீதி. பக்கத்துக் குடோனில் தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் பின்னால் நின்று பார்த்தேன். திரையில் ஒரு சிவப்பு நட்சத்திரம் வந்ததும் இறங்காமலே அடுத்ததற்குத் தாவினான். ஏன் என்று கேட்டேன்.

"எம் கிளாஸ்ங்க மாமா. கல்லும் ஐஸுந்தான் கெடக்கும். எஃப், ஜி, கே வந்தா நின்னு பாக்கலாமுங்க. பூமி மாதிரி ஒண்ணு சிக்குனாலும் சிக்கும்."

நட்சத்திரத்தின் வகையைப் பார்த்தே அதைச் சுற்றும் கோளைச் சொல்லிவிடுகிறான். இந்த விளையாட்டை ஆடும் பலருக்கும் இது கைவந்த வித்தை. நிஜ வானத்தில் இந்த வித்தை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும்? வானியலாளர்கள் முப்பது வருடமாக இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் விளையாட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 1984இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் எழுதிய முதல் 'எலைட்', பிபிசி மைக்ரோ என்ற 32 கிலோபைட் நினைவகக் கம்ப்யூட்டரில் ஓடியது. அதற்குள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். எதையும் எழுதிச் சேமிக்கவில்லை. ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால் ஒரு கணக்கு ஓடி, உலகத்தின் பெயர், அரசாங்கம், வியாபாரம் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் அச்சுப் பிசகாமல் உருவாக்கித் தரும். 2014 டிசம்பரில் வெளிவந்த 'எலைட் டேஞ்சரஸ்' இதே உத்தியைப் பால்வீதி முழுவதற்கும் விரித்தது. 40,000 கோடி நட்சத்திரங்கள். நிஜப் பட்டியல்களில் உள்ள ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை அந்தந்த இடத்தில் வைத்துவிட்டு, மிச்சத்தை 'ஸ்டெல்லர் ஃபோர்ஜ்' என்ற நிரல் உருவாக்குகிறது. வானத்தின் ஒரு பகுதியில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதில் தொடங்கி, அதை நட்சத்திரமாகத் திரட்டி, எஞ்சியதைக் கோள்களாக உருட்டி, ஒவ்வொன்றுக்கும் தூரத்தையும் வெப்பத்தையும் கணக்கிட்டு வகை பிரிக்கிறது. அதனால்தான் அங்கே நட்சத்திரத்துக்கும் கோளுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. விளையாடுபவர்கள் மோப்பம் பிடித்துவிடுகிறார்கள்.

அவர்கள் கையில் வைத்திருக்கும் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற வரிசை நூறு வருடத்துக்கு மேல் பழையது. ஹார்வர்டு வானாய்வகத்தில் ஆனி ஜம்ப் கேனன் லட்சக்கணக்கான நட்சத்திரங்களின் நிறமாலைகளைக் கண்ணால் பார்த்துப் பார்த்து இந்த வரிசையில் பிரித்தார். ஆனால் ஒரு வகையில் ஹைட்ரஜன் கோடுகள் அழுத்தமாகவும் இன்னொன்றில் மங்கலாகவும் ஏன் தெரிகின்றன என்பதற்கு அப்போது பதில் இல்லை. 1920இல் பதில் தந்தவர் மேகநாத் சாஹா. எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில், ஒரு தனிமத்தின் எத்தனை பங்கு அணுக்கள் எலக்ட்ரானை இழந்து நிற்கும் என்பதற்கு ஒரு சமன்பாடு எழுதினார். ஓ முதல் எம் வரையான வரிசை, உண்மையில் சூட்டிலிருந்து குளிருக்கு இறங்கும் வரிசை என்பது அதோடு தெளிவானது. ஐந்து வருடம் கழித்து சிசிலியா பெய்ன் அதே சமன்பாட்டைக் கொண்டு, நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று காட்டினார். என் அக்கா மகன் 'எம் கிளாஸ்' என்று ஒதுக்கும்போது அந்த ஒற்றை எழுத்துக்குள் சாஹாவின் கணக்கு இருக்கிறது. அவனிடம் சொன்னேன், "அப்படீங்களா" என்றுவிட்டு அடுத்த தாவலுக்குப் போனான்.

நட்சத்திரத்தின் வெப்பமும் அளவும் தெரிந்தால் அதன் ஒளிர்வு தெரியும். ஒளிர்வு தெரிந்தால், எந்தத் தூரத்தில் தண்ணீர் திரவமாக நிற்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். கணக்கு சுலபம். சூரியனுக்கு நூறில் ஒரு பங்கு ஒளிர்வு என்றால், தூரம் பத்தில் ஒரு பங்கு. வர்க்கமூலம், அவ்வளவுதான். 40 ஒளியாண்டு தொலைவில் உள்ள டிராப்பிஸ்ட்-1 என்ற குளிர்ந்த எம் வகை நட்சத்திரத்தின் ஒளிர்வு சூரியனுடையதில் 0.00055 பங்கு. வர்க்கமூலம் எடுத்தால் 0.023. பூமி சூரியனிலிருந்து இருக்கும் தூரத்தில் நூறில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் மேலே போனால் போதும், பூமிக்குக் கிடைக்கும் அதே அளவு வெயில் கிடைத்துவிடும். 2017 பிப்ரவரியில் அங்கே பூமி அளவில் ஏழு கோள்கள் இருப்பதாக அறிவித்தார்கள். அதில் 'ஈ' என்ற கோள் 0.029 பங்கு தூரத்தில் 6 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது.

அந்தச் செய்தி வந்ததும் 'எலைட்' நிறுவனத்தார் தங்கள் வரைபடத்தைப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட அதே இடத்தில், ஒரு மங்கலான பழுப்புக் குள்ளனைச் சுற்றி, ஏழு உலகங்களோடு ஓர் அமைப்பை அவர்களுடைய நிரல் ஏற்கெனவே உருவாக்கி வைத்திருந்தது. பெயரை டிராப்பிஸ்ட்-1 என்று மாற்றி, விவரங்களைத் திருத்திக்கொண்டார்கள். இதைப் பெரிய தீர்க்கதரிசனமாகச் சொல்பவர்கள் உண்டு. 40,000 கோடி தடவை தாயம் உருட்டினால் சிலது நிஜத்தோடு ஒத்துப்போவது அதிசயமில்லை என்பது என் கட்சி. ஆனாலும், மங்கலான சின்ன நட்சத்திரத்தைச் சுற்றிச் சின்னப் பாறைக் கோள்கள் நெருக்கமாக இருக்கும் என்ற விதியை நிரல் எழுதியவர்கள் சரியாகப் பிடித்திருந்தார்கள். சிவப்பு என்றதும் தாவிப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். ஆனால் சரியான தூரம் என்பது வாய்ப்பு மட்டும்தான். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023இல் அந்தக் குடும்பத்தின் உள்ளே இருக்கும் இரண்டு கோள்களைப் பார்த்தது. கனமான வளிமண்டலத்துக்கு அடையாளம் இல்லை.

'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற இன்னொரு விளையாட்டு 2016இல் வந்தது. அதில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என்று நட்சத்திர நிறம் பார்த்து எந்த உலோகம் கிடைக்கும் என்று சொல்லலாம். மஞ்சளுக்குச் செம்பு, சிவப்புக்குக் காட்மியம். விளையாட ஜோராக இருக்கும், ஆனால் பச்சை நட்சத்திரம் எங்கேயும் கிடையாது. சூரியனின் ஒளி உச்சம் தொடுவதே பச்சையை ஒட்டிய 500 நானோமீட்டர் அலைநீளத்தில்தான். ஆனால் இரு பக்கமும் மற்ற நிறங்களும் ஏராளமாகச் சேர்ந்து வருவதால் கண்ணுக்கு வெள்ளையாகிவிடுகிறது.

ஆனால் நிறத்தைவிட முக்கியமான ஒரு குணம் நட்சத்திரத்துக்கு உண்டு. விளையாடுபவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. அதில் எவ்வளவு உலோகம் கலந்திருக்கிறது என்பது அது. ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த எல்லாத் தனிமங்களையும் வானியலில் உலோகம் என்றுதான் சொல்வார்கள். இவற்றில் இரும்பை அளப்பது எளிது என்பதால் இரும்பை வைத்தே கணக்குப் பார்ப்பது வழக்கம். 1995இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் சூரியனைப் போன்ற 51 பெகாசி நட்சத்திரத்தைச் சுற்றி நான்கே நாளில் ஓடும் ஒரு வாயுப் பெருங்கோளைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு வருடம் கழித்து கியேர்மோ கோன்சாலஸ் ஒரு விஷயத்தைக் கவனித்தார்: கோள் கிடைத்த நட்சத்திரங்களில் இரும்பு வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. 2005இல் டெப்ரா ஃபிஷரும் ஜெஃப் வேலென்டியும் 1040 நட்சத்திரங்களை அலசிக் கணக்கை உறுதிசெய்தார்கள். சூரியனைவிடக் குறைந்த இரும்பு கொண்டவற்றில் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவானவற்றில்தான் வாயுப் பெருங்கோள் இருந்தது. சூரியனைவிட இரண்டு மடங்குக்கு மேல் இரும்பு உள்ளவற்றில் நூற்றுக்கு 25. இரும்பு இரட்டித்தால் வாய்ப்பு நாலு மடங்கு.

காரணம் நேரம்தான். ஒரு நட்சத்திரம் பிறக்கும்போது அதைச் சுற்றி வாயுவும் தூசுமாக ஒரு தட்டு இருக்கும். வியாழன் மாதிரி ஒரு கோள் உருவாக, முதலில் பாறையும் பனியும் சேர்ந்து பூமியைப் போல பத்து மடங்கு எடையுள்ள ஒரு கரு திரள வேண்டும். அப்புறம்தான் அது சுற்றியுள்ள வாயுவை இழுத்துக்கொள்ளும். ஆனால் வாயு சில பத்து லட்சம் வருடங்களில் கலைந்துவிடும். தட்டில் திடப்பொருள் நிறைய இருந்தால் கரு சீக்கிரம் திரளும். குறைவாக இருந்தால், கரு தயாராவதற்குள் வாயு போய்விடும். நட்சத்திரமும் கோளும் ஒரே மேகத்தில் பிறந்தவை. நம் சூரியக் குடும்பத்தின் எடையில் 99.8 சதவீதத்துக்கு மேல் சூரியனிடமே இருக்கிறது. எனவே நட்சத்திரத்தின் நிறமாலையைப் பார்த்தால் மூலப்பொருள் என்னவென்று தெரிந்துவிடும்.

இந்தக் கணிப்பை வைத்தே தேடிப் பிடித்த ஒரு கோளுக்கு இந்தியாவே பெயர் வைத்திருக்கிறது. ஃபிஷரின் கணக்கு வந்த அதே காலத்தையொட்டி, இரும்பு மிகுந்த நட்சத்திரங்களாகப் பொறுக்கி எடுத்துப் பார்க்க 'என்2கே' என்ற ஒரு தேடல் தொடங்கினார்கள். இரும்பு எங்கே அதிகமோ அங்கே தொலைநோக்கியைத் திருப்புவது. விண்வெளி விளையாட்டில் வடிகட்டி போட்டுத் தேடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. 2006இல் அப்படிச் சிக்கியவற்றில் ஒன்று எச்டி 86081 என்ற நட்சத்திரத்தின் கோள். நட்சத்திரத்தில் இரும்பு சூரியனைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கு, கோள், இரண்டே நாளில் சுற்றிவரும் கொதிக்கும் வியாழன். 2019இல் சர்வதேச வானியல் ஒன்றியம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்துப் பெயர் சூட்டச் சொன்னபோது இந்தியாவுக்கு வந்தது இதுதான். நட்சத்திரத்துக்கு, அண்டக்கதிர் ஆய்வில் முன்னோடியான இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாக 'பிபா' என்று பெயர். கோளுக்கு 'சந்தமஸ'.

இந்தக் கணிப்புக்கு எல்லை உண்டு என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. 2012இல் லார்ஸ் புக்காவே குழுவினர், கெப்லர் விண்கலம் கண்ட சின்னக் கோள்களின் நட்சத்திரங்களைப் பார்த்தார்கள். சின்னக் கோள்கள் இரும்பைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை. இரும்பு குறைந்த நட்சத்திரங்களிலும் தாராளமாகக் கிடைத்தன. கெப்லர்-444 என்ற நட்சத்திரத்துக்கு வயது 1,100 கோடி வருடத்துக்கு மேல், இரும்பும் குறைவு, ஆனால் பூமியைவிடச் சின்னதாக ஐந்து கோள்கள் சுற்றுகின்றன. எடை கூடிய பக்கமும் சிக்கல்தான். பெங்களூருவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இதில் தொடர்ந்து வேலை செய்துவருகிறார்கள். மயங்க் நாரங், மனோஜ் புறவங்கரா ஆகியோர் 2018இல் காட்டியது இது: கோளின் எடை ஏற ஏற நட்சத்திரத்தின் இரும்பும் ஏறுகிறது, ஆனால் வியாழனைப் போல நாலு மடங்கு எடையைத் தாண்டியதும் அந்த ஏற்றம் நின்று இறங்குமுகமாகிறது. அதாவது மிகப் பெரிய கோள்கள் வேறு வழியில், நட்சத்திரம் பிறப்பதைப் போலவே வாயு நேரடியாகச் சுருங்கி உருவாகியிருக்கலாம். ஒரே பெயரில் 'வாயுப் பெருங்கோள்' என்று நாம் அழைப்பதற்குள் இரண்டு வம்சம் இருக்கிறது போல.

தமிழ்நாட்டிலும் இதற்கான கருவி இருக்கிறது. ஜவ்வாது மலைக் காவலூரில், அதே பெங்களூரு நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகத்தில், 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வேலை செய்கிறது. ஒரு நட்சத்திரத்தின் ஒளியை ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகளாகப் பிரித்து, எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளக்கும் நிறமாலைமானி அதில் பொருத்தப்பட்டிருக்கிறது. விளையாட்டில் ஒரு பொத்தானை அமுக்கியதும் வரும் தகவலை எடுக்க, அங்கே ராத்திரியில் நெடுநேரம் ஒரே நட்சத்திரத்தைக் குறிபார்த்து, மேகம் வராமலிருக்க வேண்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு தறிக்காரரிடம் நூலைக் காட்டினால் கவுண்ட், அதாவது நூல் எவ்வளவு மெல்லியது என்ற எண்ணை, சொல்லிவிடுவார். தடித்த 10ஸ் நூலில் மெல்லிய மல் துணி வராது என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்துச் சொல்வார். ஆனால் 40ஸ் நூலைக் கொடுத்து, இது வேட்டியாகப் போகிறதா, ஜாக்கெட் துணியாகப் போகிறதா என்று கேட்டால் சிரிப்பார். அது பாவு போடுபவர், தறி, ஆர்டர் எல்லாவற்றையும் பொறுத்தது. நட்சத்திரமும் அப்படித்தான். என்ன வராது என்று ஓரளவு சொல்லும். என்ன வரும் என்று சொல்லாது.

'வராது' என்பதிலும் எப்போதாவது அடி விழுகிறது. எம் வகைச் சிவப்புக் குள்ள நட்சத்திரங்களின் தட்டில் பொருள் போதாது, அதனால் வியாழன் அளவுக் கோள் வராது என்று பாடம். 2023இல் சுபம் கனோடியா தலைமையிலான குழு டிஓஐ-5205 என்ற எம் வகை நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு வியாழனையே கண்டுபிடித்தது. கோள் குறுக்கே வரும்போது நட்சத்திர ஒளியில் ஏறத்தாழ 7 சதவீதம் மறைந்துவிடுகிறது. சூரியனுக்குக் குறுக்கே வியாழன் போனால் மறைவது 1 சதவீதம்தான்.

என்ன வரும் என்பதற்கு ராஜஸ்தானின் அபு மலையிலிருந்து நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் அங்கே 'பாரஸ்' என்ற பெயரிலான நிறமாலைமானிகளை வைத்து, கோளின் இழுப்பில் நட்சத்திரம் லேசாக ஆடுவதை அளக்கிறது. 2018இல் அவர்கள் உறுதிசெய்த கோள் கே2-236பி: சூரியனைப் போன்ற நட்சத்திரம், பூமியைப் போல 27 மடங்கு எடை, 19.5 நாளில் ஒரு சுற்று. 2021இல் டிஓஐ-1789பி: வியாழனைவிட எடை குறைவு, ஆனால் உருவம் 1.4 மடங்கு, நட்சத்திரத்தின் சூட்டில் ஊதிப் போயிருக்கிறது. 2024இல் டிஓஐ-6651பி. இதன் நட்சத்திரமும் சூரியனைப் போல ஜி வகைதான். விளையாட்டில் நின்று பார்க்க வேண்டிய வகை. ஆனால் அங்கே இருப்பது பூமியைப் போல ஐந்து மடங்கு அகலம், அறுபது மடங்கு எடை, அதில் பெரும்பங்கு பாறையும் இரும்புமாக, ஐந்தே நாளில் சுற்றும் ஓர் உருண்டை. நெப்டியூன் அளவுக் கோள்கள் இவ்வளவு நெருக்கத்தில் அரிதாகவே தென்படுவதால் இந்தப் பகுதியை வானியலாளர்கள் பாலைவனம் என்பார்கள். பாலைவனத்தின் விளிம்பில் கிடந்த கல் இது. ஒருவேளை பெரிய கோளாகப் பிறந்து வாயுவை இழந்திருக்கலாம், ஏதாவது மோதி இணைந்திருக்கலாம். நட்சத்திரத்தின் நிறமாலையில் அந்த வரலாறு எழுதியிருக்காது.

இப்போது கம்ப்யூட்டரும் இந்தக் கணிப்பில் இறங்கிவிட்டது. 2019இல் நடாலி ஹிங்கல் குழுவினர் நாலாயிரத்துச் சொச்சம் நட்சத்திரங்களின் தனிம அளவுகளை ஓர் இயந்திரக் கற்றல் நிரலுக்குக் கொடுத்து, எவற்றில் பெருங்கோள் இருக்கும் என்று கேட்டார்கள். இரும்போடு, கார்பன், ஆக்சிஜன், சோடியம் ஆகியவற்றுக்கும் நிரல் முக்கியத்துவம் தந்தது; முன்னூறுக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களுக்கு 90 சதவீத வாய்ப்பு என்றது. சோடியம் ஏன் என்பதற்கு நல்ல விளக்கம் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம். விளக்கம் இல்லாத கணிப்பில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

வெள்ளகோவில்காரர்கள் இப்படிப்பட்ட நட்சத்திரங்களைச் சும்மா கண்ணாலேயே கொஞ்சம் பார்க்கலாம். மாசி மாதம் மகா சிவராத்திரி, வீரக்குமாரசாமி கோயில் தேர்த் திருவிழா சமயம். அமாவாசைக்கு முந்தைய ராத்திரி என்பதால் நிலா இடைஞ்சல் இருக்காது. கடைவீதி விளக்குகளைத் தாண்டி வட்டமலைக்கரை அணைப் பக்கம் போய் எட்டு மணிவாக்கில் நிமிர்ந்தால், உச்சிக்குக் கொஞ்சம் மேற்கே ரோகிணி. அதன் பக்கத்தில் 'வி' எழுத்து போல் தெரியும் நட்சத்திரக் கூட்டம் ஹையாடிஸ், 150 ஒளியாண்டு தூரம். ரோகிணி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததில்லை, நடுவழியில் குறுக்கே நிற்கிறது. கிழக்கே திரும்பினால் பூசம். அந்த இடத்தில் பஞ்சு பிய்த்து வைத்த மாதிரி மங்கலாக ஒரு கூட்டம் தெரியும், பெயர் பிரீசிபி. தைப்பூசத்தன்று முழுநிலா அங்கேயே வந்து நிற்பதால் அன்றைக்குத் தெரியாது.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் வயது ஏறத்தாழ ஒன்று, 60-70 கோடி வருடம். இரண்டிலும் சூரியனைவிட இரும்பு அதிகம். கணிப்புப்படி இரண்டிலும் வாயுப் பெருங்கோள்கள் குவிந்திருக்க வேண்டும். 2000களின் தொடக்கத்தில் கெக் தொலைநோக்கியில் ஹையாடிஸின் நூற்றுக்குக் கொஞ்சம் குறைவான சாதாரண நட்சத்திரங்களைப் பல வருடம் பார்த்தார்கள். ஒரு கோள்கூடச் சிக்கவில்லை. 2007இல் கிடைத்த முதல் கோள், முதிர்ந்து பெருத்த எப்சிலான் டாரி நட்சத்திரத்தைச் சுற்றியது. 2012இல் பிரீசிபியில் பார்த்தவர்களுக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கொதிக்கும் வியாழன்கள் கிடைத்தன. ஹையாடிஸில் அப்படி ஒன்று அகப்பட 2014 ஆயிற்று, எச்டி 285507 என்ற நட்சத்திரத்தில், ஆறு நாள் சுற்றுப்பாதையில். நூறு நட்சத்திரத்தில் ஒன்றுக்குத்தான் கொதிக்கும் வியாழன் என்பது சராசரி என்றால், சில நூறு பேர் உள்ள ஒரு கூட்டத்தில் வெறும் அதிர்ஷ்டமே இந்த வித்தியாசத்தைத் தரலாம். இல்லை, பிறந்த மேகத்தின் நெரிசல் வேறாக இருந்திருக்கலாம். 'எலைட்' நிரலுக்கு ஒரே எண்ணைக் கொடுத்தால் ஒரே கோள்தான் வரும். இந்த இரண்டு கூட்டங்களுக்கும் ஏறத்தாழ ஒரே வயது, ஒரே இரும்பு. கோள்களின் பட்டியல் மட்டும் இன்னும் ஒத்துப்போகவில்லை.